உன்னைக் கேட்காமல் மாற்றிய ஃபிரேம்

இன்று காலை செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒருவர் தன் பழைய ஸ்கூட்டர் பக்கத்தில் குந்தியிருந்தார். ஃபிரேமில் பொறித்திருந்த சேஸ் எண் மேல் வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக்குள்ளிருந்து எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழும்பின. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதே வாசலில்தான் நீ என்னைக் கடைசியாக ‘மச்சான்’ என்று கூப்பிட்டாய்.

அன்று நாம் இங்கே கொண்டுவந்தது உன் அண்ணன் வண்டி. அவர் கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு ஒன்பது வருடம் சதுரங்கப்பட்டினத்தில் உன் வீட்டுச் சுவரோரம் நின்று உப்புக்காற்றைத் தின்றது. ஒருநாள் மீன் வண்டியில் ஏற்றி என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தாய். நான் டேங்கைத் தூக்கிவிட்டு ஃபிரேமின் கழுத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். உள்ளே போய்விட்டது.

“ஃபிரேமு செத்துப்போச்சு மச்சான். வேற போட்ணும்.”

“இன்னா வோணா மாத்து. ஃபிரேம மட்டும் தொடாத. எங்கண்ணன் ஒக்காந்தது அதும்மேல.”

“ஒங்கண்ணன் ஒக்காந்தது சீட்டு மேல.”

நீ சிரிக்கவில்லை. “வெல்டிங் வெச்சிக் குடு” என்றாய்.

“துருமேல வெல்டிங்கா? அதுக்குக் கோலம் போட்டுக் குடுக்கலாம்.”

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை. மறைமலைநகரில் ஷிப்ட் முடித்து வந்து, கண்ட வண்டியையெல்லாம் கழற்றிக் கழற்றிக் கற்றவன். தவறு என்று சொல்ல எனக்கு மேலே ஆள் இல்லாமலே வளர்ந்துவிட்டேன். ஒரு வண்டியின் ஃபோர்க், இன்னொன்றின் கியர்பாக்ஸ், மற்றொன்றின் பின்சக்கரம் என்று சேர்த்தேன். அந்த வரிசையில் ஃபிரேமையும் மாற்றினேன். உன் அண்ணன் அடித்திருந்த அதே கரும்பச்சையைப் பூசி உன்னிடம் விட்டேன். பழைய ஃபிரேம் காயலான் கடைக்குப் போனது.

முதல் நாள் நீ ஓட்டிக்கொண்டு போனபோது, சத்தம் கேட்டு உன் அம்மா தெருவுக்கே ஓடிவந்துவிட்டாராம். மறுநாள் வந்து சொன்னாய். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்போதாவது ஃபிரேமை மாற்றியதை நான் சொல்லியிருக்கலாம்.

ஒரு வருடம் மாமல்லபுரத்துக்கும் திருவிடந்தைக்குமாகச் சுற்றினாய். பிறகு பதிவைப் புதுப்பிக்க வந்தோம். பிரேக் இன்ஸ்பெக்டர் பென்சில் தாளையும் ஆர்.சி. புத்தகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“புக்ல ஒரு நம்பர், வண்டில ஒரு நம்பர். யாரு வண்டிய்யா இது?”

நீ என் பக்கம் திரும்பினாய். “மச்சான், இன்னா இது?”

சொன்னேன்.

“பழசு எங்க கீது?”

“காயலான் கடையில போட்டேன். இந்நேரம் உருக்கியிருப்பான்.” அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். “வண்டி வோணுமா, நீ உசுரோட வோணுமா? கழுத்து முறிஞ்சா ஈ.சி.ஆர்.ல லாரிக்குக் கீழ கெடந்திருப்ப.”

“கெடந்துட்டுப் போறேன். என்ன ஒரு வார்த்த கேட்டியாடா நீ?”

வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாய். பிறகு ஏழு வருடம். உயிரைக் காப்பாற்றியவன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் இருந்தேன். நீ வந்து ஒரு நன்றி சொல்வாய் என்றுகூடக் காத்திருந்தேன். நீ நெஞ்சுவலியில் போனாய், உன் வீட்டுக் கட்டிலில். சாவுக்கு வந்தேன். உள்ளே வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு உன் மனைவி பஸ்ஸில் ஒரு கோணிப்பையோடு என் ஷெட்டுக்கு வந்தாள்.

“வண்டிய அவரே கயட்டிட்டாருண்ணா. இதெல்லாம் பெரியவருதாம், ஒங்ககிட்டயே குடுக்கச் சொன்னாரு. வூட்ல கீற மீதி ஃபிரேமு, சக்கரமெல்லாம் ஒங்களுதாம். எடுத்துக்கினு போவச் சொன்னாரு.”

உன் அண்ணனைத்தான் அவள் பெரியவர் என்பாள். ஹேண்டில்பார், டேங்க் மூடி, மீட்டர் என்று ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டியிருந்தாய். ஒன்றை மட்டும் உன் அண்ணனின் பழைய லுங்கித் துணியில் சுற்றியிருந்தாய். அவளே பிரித்துக் காட்டினாள். கிக்கர்.

“பெரியவரு காலு பட்டுத் தேஞ்சதாம். இத மட்டும் எடுத்து வெச்சித் தொடச்சிக்கினே இருப்பாரு.”

கையில் வாங்கினேன். உன் அண்ணனுடைய கிக்கரில் பல் மழுங்கிப் போயிருந்ததால் அதை அப்போதே தூக்கிப் போட்டுவிட்டேன். சிங்கப்பெருமாள்கோவில் பால்காரர் ஒருவர் உடைக்கப் போட்ட வண்டியிலிருந்து நான் எடுத்து மாட்டியது இது. தேய்த்தது அந்தப் பால்காரரின் கால்.

“அவருதுதானேண்ணா?”

யாருக்கும் வளைந்து பழகாத என் வாய், “ஆமாம்மா, அவருதுதான்” என்றது. “பை இங்கயே இருக்கட்டும். இத மட்டும் வூட்ல வெச்சிக்கோ” என்றேன். மறுபடி அந்தத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

அந்த ஃபிரேம் முறிந்திருக்கும். அதை இன்றும் சொல்வேன். ஆனால் நான் சொல்லாமல் மாற்றிய ஒன்றுக்காக என்னை விட்டுப் போன நீ, சொல்லாமல் மாற்றிய இன்னொன்றை ஏழு வருடம் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். அது பால்காரருடையது என்று தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான், மச்சான். யாரிடமும் சொல்ல மாட்டேன்.