கப்பலில் மணி நாலு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரியைக் கவனித்தேன். கப்பல் துறைமுகத்தில் நின்றபோது மேல்தளத்தில் ஓடினாய் என்றும், விளக்கைச் சுற்றிய பூச்சி ஒன்று வாய்க்குள் போய்விட்டது என்றும் எழுதியிருக்கிறாய். மாலை நாலு மணிக்கு ஏன் விளக்கு? அங்கே மழை இருட்டா?

நானும் விடாமல் ஓடுகிறேன். கப்பல் வேலைக்குக் கிளம்பும்போது, "எந்த நாட்டுல இருந்தாலும் நாலு மணிக்கு ரெண்டு பேரும் ஓடணும்டி, நம்ம டீ வேளை ஓட்டம் மாதிரியே" என்றாயே, அதன்படிதான். கப்பல் கிழக்கே போகப் போக உன் கடிகாரம் எனக்கு முன்னால் போகிறது. உனக்கு நாலு மணி ஆகும்போது எனக்கு முதலில் மூன்று, பிறகு இரண்டு, இப்போது நடுப்பகல். தார் ரோடு கொதிக்கிறது. தையல் கடையில் சட்டைக்குக் காஜா எடுப்பதை வைத்துவிட்டு நான் எழுந்தால் டெய்லர் மாமா, "இந்த வெயில்ல காக்காகூட பறக்காது, இந்தப் புள்ள பறக்குது" என்கிறார். அம்மா, "பள்ளிக்கூடம் போகச் சொன்னப்ப இந்தக் காலு எங்கடி போச்சு?" என்கிறாள்.

தெருவில் நாலு பேர் பார்த்தாலே எனக்குக் கால் பின்னும், உனக்குத் தெரியும். அதே நேரத்தில் நீயும் ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தால்தான் வாசலைத் தாண்ட முடிகிறது.

போனில் கூப்பிடாதே. எனக்குப் பேச்சு வராது. எழுது.

உன் தங்கை


மார்ச் 21

என் ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதத்தை இஸ்திரி அறையில் நின்றபடி படித்தேன். சிரித்த சிரிப்பில் பயணி ஒருவரின் தலையணை உறை கருகிப் போனது.

அடி அசடே, நான் ஓடியது உன்னுடைய நாலு மணிக்கு! அது எனக்கு ராச்சாப்பாட்டு வேளை. அதனால்தான் விளக்கு, அதனால்தான் பூச்சி. ஓடி முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, "ஓட்டக்காரி, சட்டியத்தான் சொரண்டணும்" என்பார் சமையல்காரர். நீ என் மணிக்கு ஓட, நான் உன் மணிக்கு ஓட, முதல் வாரம் போக நாம் ஒருநாள்கூடச் சேர்ந்து ஓடவில்லை.

இனி நீ பழையபடி நாலு மணிக்கு இறங்கு, நானும் கூட வருகிறேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் என்னை ராத்திரி வேலைக்கு மாற்றிவிட்டார்கள். நேரம் கேட்டால் மேற்பார்வைக்காரி, "ஓடுறதுக்கா சம்பளம் தர்றோம்?" என்கிறாள். முடிந்தபோது ஓடுவேன். சில நாள் முடியாது. நான் வருவதும் இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போகும் போலிருக்கிறது. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

எனக்காக வெயிலில் காயாதே. ஓடுவதோ விடுவதோ இனி உன் பாடு. கோபமா?

உன் அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "சாப்பாடாவது ஒழுங்கா சாப்புடுறாளாமா?" என்று கேட்டாள். சாப்பிடுகிறாய் என்று சொன்னேன். ராச்சாப்பாட்டை இனி விடாதே.

உன் கடிதம் வந்த பிறகு சில நாள் நான் ஓடவில்லை. நடுப்பகலில் கை தானாகவே ஊசியைக் கீழே வைக்கும். மறுபடி எடுத்துக்கொள்வேன். டெய்லர் மாமா மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

நேற்றுக் காலை, கடை திறப்பதற்கு முன் கிளம்பினேன். வெயில் இல்லாத நேரமாகப் பார்த்து நானே எடுத்த முடிவு. அந்த நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருப்பாய் என்று கணக்குப் பார்க்கவில்லை. பால்காரம்மா சைக்கிளை நிறுத்தி, "என்னம்மா, அக்கா இல்லாம தனியாவா?" என்று கேட்டார். கால் பின்னத்தான் பார்த்தது.

"ஆமாங்க, நான் மட்டும்தான்" என்றேன்.

தண்ணீர்த் தொட்டி வரை ஓடினேன். அங்கே உனக்கு மூச்சு வாங்கும், அதனால் எப்போதும் திரும்பிவிடுவோம். எனக்கு அங்கே மூச்சு வாங்கியதே இல்லை. உன்னிடம் சொன்னதில்லை.

நேற்று அங்கே திரும்பவில்லை. நேராகப் போனேன்.

உன் தங்கை