எண்ணெய்ச் சட்டி வைக்காத வருசம்

ஜனவரி 8, புதன்

டயர் கடைக்காரர் இந்த வருசமும் டைரி கொடுத்து விட்டிருக்கிறார். முதல் பக்கத்தில் ‘லாரி டிரைவர் நாச்சிமுத்து அவர்கள் நீடூழி வாழ்க’ என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. என் வீட்டுக்காரர் போன கார்த்திகையில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தது அவருக்குத் தெரியாது போல. வாழ்த்தைத் திருப்பி அனுப்பினால் நன்றாக இருக்காது. நானே எழுதி நிரப்பலாம் என்று எடுத்துக்கொண்டேன். அஞ்சாவது வரை படித்த எழுத்து, கோணலாகத்தான் வரும்.

கொழுந்தன் பூபதி இன்று ரத்தப் பரிசோதனை முடித்து வந்தான். லாரி புக்கிங் ஆபீசில் நாற்காலியை விட்டு எழாமல் ஊர் ஊராக லாரி அனுப்புகிற வேலை அவனுக்கு. சர்க்கரை, கொழுப்பு, பிரசர், மூன்றும் இருக்கிறதாம். அண்ணனுக்கு இருந்த அதே மூன்று. எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவே கூடாது என்றாராம் டாக்டர். அதை அண்ணிக்காரி என்னிடம் சொல்லும்போது வாயில் பஜ்ஜி.

“என்ன பண்றதுங்க நங்கையா, பஸ் ஸ்டாண்டுல எறங்குனா கண்ணு முன்னாடியே போடறானுங்க.”

அவன் அண்ணனும் இதையேதான் சொல்வார். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி போடுகிறவன் கழுத்தில் கத்தி வைத்து ஊட்டுகிற மாதிரி.

ஒரு வீட்டில் ஒரு தாலி அறுத்தது போதும். பூபதி பெண்டாட்டி சித்ராவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பிள்ளைகள் மூன்று.

ஜனவரி 13, திங்கள்

நாளை பொங்கல். எங்களுக்கு இல்லை. விடிந்ததும் விடியாததுமாக அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“துக்க ஊடு அம்மிணி. வருசம் திரும்பற வரைக்கும் நோம்பிக்கு எண்ணெய்ச் சட்டி வெக்கக் கூடாது. மறந்துராத.”

பிள்ளைகளின் முகம் தொங்கிவிட்டது. பூபதி முகம் அவற்றைவிடத் தொங்கியது. ஆனால் ஒருத்தர் வாய் திறக்க வேண்டுமே! டாக்டர் சீட்டைக் கதவிடுக்கில் செருகி வைத்திருக்கிறவன், செத்த அண்ணன் பேரைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டான். இந்த வீட்டில் செத்தவருக்கு இருக்கிற மரியாதை உயிரோடு துடிக்கிற நெஞ்சுக்கு இல்லை.

கீரை ஆய்ந்துகொண்டே அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ராத்திரிச் சோற்றுக்கு அத்தை, பூபதி குடும்பம், என் மகன் குடும்பம் என்று பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பளம் எங்கே என்று பூபதி கேட்டான்.

“எண்ணெய்ச் சட்டி வெக்கக் கூடாதுல்ல தம்பி.”

“அது நோம்பிக்குத்தானுங்க நங்கையா?”

“வருசம் முச்சூடும். ஊட்லயும் சுடக் கூடாது, வெளியில சுட்டதையும் ஊட்டு ஆம்பளைங்க தொடக் கூடாது. தொட்டாப் போன ஆன்மாவுக்கு ஆகாது.”

இந்த வரி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. வந்துவிட்டது. பூபதி அவன் அம்மாவைப் பார்த்தான். அத்தை தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு ரசத்தை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தார். அத்தைக்குக் காது மந்தம். நல்ல வேளை.

ஜனவரி 18

அவர் இருந்திருந்தால் இதற்கு என்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பார். இல்லாததால்தான் இந்தத் தைரியம்.

பிப்ரவரி 6, வியாழன்

பஜ்ஜியை நிறுத்தினால் மட்டும் ஆகாது. மூன்று வேளையும் மலை மாதிரி வெள்ளைச் சோறு என்றால் சர்க்கரை எங்கே இறங்கும்? அதனால் கை வைத்த இடத்தில் முழுசாகவே வைத்துவிட்டேன்.

காலையில் கம்பங்கூழ், மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ள. மதியம் ரேசன் அரிசியில் பாதிக்குப் பாதி சாமை கலந்து அரிசிம்பருப்புச் சாதம். ராத்திரிக்கு ராகிக் களியும் கொள்ளு கடைசலும். வேலியில் முருங்கை இருக்கிறது, காட்டில் தொய்யக்கீரை தானாக முளைக்கிறது. இரண்டுக்கும் யாரும் பில் போடுவதில்லை. கோழிப் பண்ணையில் ஓடு கீறின முட்டையை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். அதை வேக வைத்தால் வெள்ளை பிதுங்கி வால் முளைத்த மாதிரி இருக்கும். கொதிக்கிற குழம்பில் உடைத்து ஊற்றிவிட்டால் கீறலாவது ஒன்றாவது.

முதல் வாரம் கொள்ளு தன் வேலையைக் காட்டியது. எந்த அறைக்குப் போனாலும் சத்தம். “அடுத்த தீவாளிக்கு வெடி வாங்க வேண்டாம்” என்றான் என் மகன் மோகன்குமார். அத்தையும் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. “பெருங்காயம் பத்தல அம்மிணி” என்று எதுவும் நடக்காதது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

பூபதியின் கடைசிப் பையன் கவின் கம்பங்கூழைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். “பெரிம்மா, பெரிப்பா சாமியாயிட்டாங்க. நம்மள ஏன் கோழியாக்கறீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் போன பிறகு இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. சிரிக்கலாமா?

மார்ச் 2

பங்காளி வீட்டு அறிவுச்செல்வி வந்து அடுப்படியை எட்டிப் பார்த்தாள். “ஏனக்கா, அண்ணன் போனதும் சோத்துக்கே தகராறா? களிக்கு எறங்கிட்டீங்க.”

“ஆமா அம்மிணி, அரிசியும் உங்கண்ணங் கூடவே போயிருச்சு” என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னேன். அவள் ஊர் முழுக்கக் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். சாயங்காலம் பரிதாபப்பட்டு யாரோ ஒரு போசி நிறைய அரிசி கொடுத்து விட்டிருந்தார்கள். நல்ல பொன்னி. திருப்பிக் கொடுக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

சித்ரா துவைக்க எடுத்த சட்டையைத் தூக்கிக்கொண்டு அழுதபடி ஓடி வந்தாள். பூபதியின் சட்டை. பையில் எண்ணெய் ஊறின பேப்பர்த் துண்டு.

“மோந்து பாருங்கக்கா. நானும் நாலு நாளா மோந்துட்டேதான் இருக்கறேன். இன்னைக்குச் சிக்கிருச்சு.”

மற்ற வீட்டில் புருசன் சட்டையில் மல்லிகைப்பூ வாசம் வந்தால் அழுவார்கள். எங்கள் வீட்டில் வெங்காயப் போண்டா. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்போது அவள் கேட்டாள்:

“தின்னாச் செத்துருவாருங்களாக்கா?”

சிரிப்பு போய்விட்டது. ‘எங்க ஊட்டுக்காரரு தின்னாருல்ல’ என்று மட்டும் சொன்னேன். அவள் சட்டையை முறுக்கிப் பிழிந்தாள். அது இன்னும் நனையவே இல்லை.

சாயங்காலம் பூபதி வந்ததும் அண்ணன் படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். அவன் படத்தைத் தொட்டு, இனி வெளியில் தின்றால் அண்ணன் ஆத்மா சாந்தியடையாமல் போகட்டும் என்றான். படத்தில் அவர் ஒரே சிரிப்பு. அந்தப் படம் எடுத்த அன்றைக்குக் காலையில் அவர் சாப்பிட்டது மெதுவடை மட்டும்தான். எத்தனை என்று எழுத மாட்டேன்.

மே 11

இன்று களி அப்படி அமைந்துவிட்டது. கட்டியில்லை, கையில் ஒட்டவில்லை. உருட்டி வைத்தால் பளபளவென்று எருமைக் கன்று மாதிரி நிற்கிறது. பூபதி கேட்காமலே இன்னொரு உருண்டை வாங்கினான்.

அவருக்குக் களி ஆகாது. ஒரு தடவை கிண்டி வைத்தேன். “ஜெயில்ல போடறத ஊட்லயும் போடறயா? நான் என்ன கொலையா பண்ணுனேன்?” என்று எழுந்து போனவர் பஸ் ஏறி சேலம் போய்ப் புரோட்டா தின்றுவிட்டு வந்தார். புரோட்டாவுக்காகச் சேலம் வரைக்கும் போகிற ஆள்!

ஏனுங்க, இந்தப் புத்தி எனக்குப் போன வருசமே வந்திருக்கக் கூடாதா? வந்திருந்தாலும் உங்க வாயக் கட்ட நான் யாரச் சாகச் சொல்றது? உங்களத் திருத்தறதுக்கு ஒரு சாவு வேணும், அதுக்கு நீங்களே போயிட்டீங்க — உங்க தம்பி திங்கறான் நான் கிண்டற களிய. ரெண்டு உருண்டை. நீங்க ஒண்ணு தின்னிருக்கலாம். ஒண்ணே ஒண்ணு.

மே 12

எழுத ஒன்றுமில்லை. தக்காளி விலை இறங்கியிருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

பூபதி மறுபடி ரத்தம் கொடுத்தான். சர்க்கரை இறங்கியிருக்கிறது. கொழுப்பும் இறங்கியிருக்கிறது. பேன்ட்டுக்கு பெல்ட் போட்டும் நிற்கவில்லை என்று சித்ரா ஊசி நூலோடு உட்கார்ந்திருக்கிறாள்.

டாக்டருக்கு ஒரே ஆச்சரியமாம். எப்படிங்க இப்படிக் குறைந்தது, என்ன பண்ணினீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

“எங்கண்ணன் செத்துப் போச்சுங்க” என்றிருக்கிறான் இவன்.

டாக்டர் மனசு கஷ்டப்பட்டு, துக்கத்தில் சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்று புத்தி சொல்லி அனுப்பினாராம். சத்து டானிக் வேறு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்றுத் தீபாவளி. நாம்தான் சுடக் கூடாது, சொந்தக்காரர்கள் சுட்டுக்கொண்டு வந்து கொடுக்கலாம். துக்க வீட்டுக்கு அதுதான் முறையாம். எந்தத் தின்னிப் பண்டாரம் இந்த முறையை வைத்தானோ? என் தம்பி மணியன் தூக்குப் போசி நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டு வந்தான். பின்னாலேயே அறிவுச்செல்வி, அவள் பின்னால் இன்னும் நாலு வீடு.

பிள்ளைகளுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு மீதியைத் தபால்காரர், பால்காரர், கரண்டு மீட்டர் பார்க்க வந்தவர் என்று வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்தேன். இந்த வீட்டில் இவ்வளவு தருமம் அவர் இருந்தபோதுகூட நடந்ததில்லை.

பூபதி கதவோரம் நின்று ஒவ்வொரு முறுக்கும் போவதைப் பார்த்தான். “பரவாயில்லீங்க நங்கையா. வர்ற மாசம் வருசம் திரும்புதுல்ல. நானே எண்ணெய் வாங்கியாறேன்.”

நவம்பர் 15, சனி

வாங்கி வந்துவிட்டான். டின் எண்ணெய்! அடுப்படி மூலையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை தலைத் தெவசம். யாருக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகள் பேசி வைத்துக்கொண்டிருக்கின்றன. பூபதிக்கு முதல் நாள் பஜ்ஜி, மறுநாள் போண்டா, அடுத்த நாள் பூரி. ஒரு வருசம் கட்டிப்போட்ட மாட்டை அவிழ்த்துவிட்டால் கதிர்க் காட்டில் என்ன பண்ணும்? அதுதான் நடக்கப் போகிறது.

உள்ளதைச் சொல்லிக் கெஞ்சலாமா? கெஞ்சி இவர்கள் வம்சத்தில் யார் கேட்டார்கள்? அவரிடம் நான் கெஞ்சாத கெஞ்சலா?

சித்ரா வந்து டின்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

நவம்பர் 18, செவ்வாய்

நிதானமாக எழுதுகிறேன்.

படையல் இலைக்கு அவருக்குப் பிடித்ததைத்தான் வைக்க வேண்டும். வருசம் கழித்து எண்ணெய்ச் சட்டி வைத்தேன். முதல் போண்டாவைப் போட்டதும் வீடு மொத்தமும் அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டது. அந்த வாசத்துக்கு அவர் பின்னால் வந்து நின்று சுடச்சுட ஒன்றை எடுத்து இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றுவார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்தேன். பூபதி நின்றிருந்தான்.

இலையில் போண்டா, சோறு, கொள்ளு கடைசல், சாமைப் பாயசம். காக்கா வந்தது. நேராகப் போண்டாவைக் கவ்விக்கொண்டு ஓட்டின் மேல் ஏறிவிட்டது. சாமையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செத்தும் புத்தி மாறவில்லை பாவி மனுசனுக்கு. சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. இந்த வருசத்தில் சத்தம் போட்டு அழுதது இன்றுதான்.

எல்லாம் முடிந்து பெரிய பங்காளி வெங்கடாசலம் துண்டை உதறித் தோளில் போட்டார். “அப்பறம் என்ன, துக்கம் தீந்துது. இனி நோம்பிக்கு நீங்களும் எண்ணெய்ச் சட்டி வெக்கலாம்.”

“மத்த நாளைக்குங்க?” என்றான் பூபதி.

“மத்த நாளைக்கு எவன் வேண்டாம்னான்? நோம்பிக்கு மட்டுந்தானப்பா முறை.”

பூபதி என் பக்கம் திரும்பினான். மோகன்குமார் திரும்பினான். மருமகள் தனப்பிரியா, பிள்ளைகள், எல்லோரும். சித்ரா மட்டும் தரையைப் பார்த்தாள்.

அப்போது காது கேட்காத அத்தை பேசினார்.

“மூத்தவன் செத்தா மூணு வருசம்.”

வெங்கடாசலம் விழித்தார். “எங்கீங்க அப்படி? நம்ம வகையறாவுல நான் கேட்டதே இல்லியே!”

“உங்க ஊட்டு முறைய நீங்க பாருங்க. நான் பெத்தவனுக்கு நான் சொல்றதுதான் முறை. மூணு வருசம். எண்ணெய்ச் சட்டி ஆகாது, வெளியில சுட்டதும் ஆகாது. இலைக்குச் சுட்டது இலையோட சரி.”

“அம்மா...” என்று இழுத்தான் பூபதி.

“ஏஞ்சாமி, உங்கண்ணனுக்கு ரெண்டு வருசம் பொறுக்க மாட்டயா?”

அவன் அண்ணன் படத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து போய் எண்ணெய் டின்னைத் தூக்கி மணியன் வண்டியில் கொண்டுபோய் வைத்தான்.

எல்லோரும் போன பிறகு அத்தை பாத்திரத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “உங்களுக்குக் காது கேக்குதுங்களா?” என்றேன்.

“வேணுங்கறது கேக்கும்.” ஒரு டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு, “ரெண்டு பெத்தேன் அம்மிணி. ஒண்ணுதான் இருக்குது” என்றார்.

நான் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கவலையில்ல. அதுக்கப்பறம் நான் செத்துப் போறேன். அதுல ஒரு வருசம் சேத்திக்க.”

நவம்பர் 23, ஞாயிறு

ராத்திரிக்குக் களியும் கொள்ளும். பூபதி இரண்டு உருண்டை. பெருங்காயம் தாராளமாகப் போட்டேன்.

அத்தைக்குப் பல் சரியில்லை. அவருக்கு மட்டும் கொள்ளைத் தனியாக எடுத்து இன்னும் குழைய வேகவைத்து, இரண்டு கீறின முட்டை உடைத்து ஊற்றிக் கொடுத்தேன். அவர் சொன்ன அந்த ஒரு வருசத்துக்கு எனக்கு அவசரமே இல்லை.