உன் ஆற்று மீனுக்கு ஊர் இல்லையாம்

என் ஆசை மச்சாள் ரஜனி,

அங்கேயாவது உன்னைப் பேச விடுகிறார்களா? இங்கே எல்லாரும் உன்னைப் புகழ்ந்து தள்ளுகிறார்கள். இங்கே புவாண்ட்-கிளேரில், நம் மீன் ஆய்வுகூடத்தில் வைத்த அஞ்சலிக் கூட்டத்தில், மேலாளர் லூக் உன் படத்துக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்தார். உயிரோடு இருந்தபோது உன்னை ஒரு வசனம் முழுதாகச் சொல்ல விடாத மனிதர். மேசையில் புகையூட்டிய சால்மன் வேறு. அதுவும் பண்ணை மீன்! ஆற்றில் தானாக வளரும் சால்மனுக்காக உழைத்தவளுக்கு இவர்கள் செய்யும் மரியாதை. நான் தொடவில்லை.

அடுத்த கிழமையே ஆய்வு முடிவு வந்தது. வடக்கே நீ குளிரில் நனைந்து, சோதனைக்கென்று செட்டை நுனி வெட்டிக் கொண்டுவந்தாயே, அந்தச் சின்ன ஆற்றுச் சால்மன்கள் தனிக்கூட்டம் இல்லையாம். மரபணு அடையாளங்களைப் பார்த்தால் எல்லாம் பக்கத்துப் பெரிய ஆற்று மீன்களாம். அதனால் வசந்தத்தில் பெரிய ஆற்றுக் குஞ்சுகளை அங்கே விடப் போகிறார்கள். கலந்துவிட்டால் உன் மீன்களின் வம்சம் அதோடு சரி.

எப்படி இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று பார்த்தேன். சிரிப்பதா, துப்புவதா தெரியவில்லை. மாதிரி குறைவு என்று சொல்லி, ஒப்பிடும் ஆறுகளிலிருந்து உன் ஆற்றையே எடுத்துவிட்டார்கள்! கணினி பாவம், கொடுத்த ஆறுகளில் எது கிட்டவோ அதைத்தானே சொல்லும்? பார்க் எக்ஸ்டென்ஷன் கலியாண வீடுகளில் நம்மவர்கள் "யாழ்ப்பாணமோ, மன்னாரோ?" என்று மட்டும் கேட்பார்கள். மட்டக்களப்புக்காரன் என்ன சொல்லுவான்?

உன் ஆற்றைத் திரும்பச் சேர்த்துக் கணினியில் கணக்கை ஓடவிட்டேன். உன் மீன்கள் தெளிவாக ஒதுங்கி நின்றன. அதை லூக்கிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நல்ல ஆர்வம் என்று பாராட்டிவிட்டுக் காப்பி எடுக்கப் போய்விட்டார். இதற்குத்தான் இவ்வளவு படித்தாரா?

உன் புருஷன், என் அருமை அண்ணன், லூக்குக்கு வக்காலத்து.

"உனக்கேன் இந்த வேலை? வேலையை விட்டு நிப்பாட்டினா என்ன செய்வாய்? மனுசன் செத்தவீட்டுக்கும் வந்தவர்தானே."

"ஓம் அண்ணை, வந்து சோறும் திண்டுட்டுத்தானே போனவர்," என்றேன். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும்.

ஆய்வுகூடத்தில் நாம் சேர்ந்து வேலை செய்த மேசையில் நீ இல்லாமல் தனியாக இருப்பது எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கிறது, ரஜனி. பக்கத்தில் இருந்து திட்டுவதற்கும் ஆளில்லை.

இதைக் கேள். அந்த அறிக்கையை உன் நினைவுக்குச் சமர்ப்பிக்கிறார்களாம். உன் ஆற்றை இல்லாமல் செய்யும் அறிக்கையின் முதல் பக்கத்தில் உன் பெயர்! அடியில் என் கையெழுத்தும் வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் எழும்பிச் சொல்லப் போகிறேன். உன் ஆற்றை உள்ளே போட வேண்டும். இல்லாவிட்டால் உன் பெயரை வெளியே எடுக்க வேண்டும். இது நடக்கும்வரை நான் கையெழுத்து வைக்க மாட்டேன். வேலை போனால் போகட்டும்.

கோபம் ஆறாத உன் மச்சாள்,
கௌரி