கயிற்றை அறுத்துவிடு சாமி

மோகனூர்,
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.

என் சாமி ஜீவானந்தத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, உன் அண்ணி நர்மதா, குழந்தை யுவஸ்ரீ எல்லாரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழுந்திருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன்னுடைய நலம் ஒன்றுதான் இந்த வீட்டுக்கு மிச்சம், அது எப்படி இருக்கிறது என்று தெரியாமல்தான் தவிக்கிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துப் படி. போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் உன் அண்ணன் பேரை எடுத்ததும் நான் அழுதுவிடுகிறேன், நீ டவர் கிடைக்கலம்மா என்று வைத்துவிடுகிறாய். டவர் கிடைக்கிறது என்று எனக்கும் தெரியும் சாமி. அதனால்தான் தெற்குத்தெரு சந்தோஷ்குமார் லீவு முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்புகிறபோது அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் ரூமுக்கு வந்து நீ கடைசி வரி படிக்கிறவரை எழுந்து போகக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது யுவஸ்ரீக்கு டாட்டா காட்ட வலது கையைத் தூக்கினாயே, அப்போதுதான் பார்த்தேன். நீ கிளம்பின அன்றைக்கு நம் கருப்பணார் கோயிலில் வைத்து நான் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு பாதி பிய்ந்து நூல்நூலாகத் தொங்குகிறது, அதற்குக் கீழே மணிக்கட்டைச் சுற்றித் தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது. என்ன சாமி இது என்றால் நீ சிரிக்கிறாய். ஒண்ணுமில்லம்மா, ஸ்க்ரூ அடிக்கற பேட்டரி மெசின் கயித்தைக் கொஞ்சம் கடிச்சிருச்சு, விரலை எடுத்ததும் நின்னு போச்சு என்று என்னவோ நாய்க்குட்டி கடித்த மாதிரி சொல்கிறாய். அப்போது எவ்வளவு உயரத்தில் நின்றாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அதை அறுத்துப் போடு என்று நான் சொன்னதும்தான் உன் முகம் மாறியது. அண்ணன் அறுத்தான், என்னாச்சுன்னு பாத்தீல்ல, நீதானம்மா அன்னைக்குச் சொன்னே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்.

ஆமாம், சொன்னேன். கூரையிலிருந்து விழுந்த உன் அண்ணன் மதனைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தினபோது அவன் மணிக்கட்டில் கயிறு இல்லை. அதைப் பார்த்துத்தான் கருப்பன் கயித்தை அறுத்தானே, அதான் கருப்பன் இவன் கையை விட்டுட்டானே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினேன். சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒரு காரணம் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது சாமி. ஒன்றுமே இல்லாததற்கு என் பெரிய பையன் போனான் என்று வைத்துக்கொண்டு மறுநாள் எப்படி அடுப்புப் பற்றவைப்பது சொல்லு. நீ அந்தப் பேச்சை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போய், அவன் செய்த அதே கூரை வேலையை, அதே மாதிரி மெசினை வைத்துக்கொண்டு செய்வாய் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அதுவும் நீ இடக்கைக்காரன், மெசின் இடது கையில், ஸ்க்ரூ பிடிக்கிறது கயிறு கட்டின வலது கையில். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கண்ணை மூடினால் உன் கைதான் தெரிகிறது.

மறுநாளே கோயில் பூசாரியிடம் போனேன். கயிற்றை எடுக்க உத்தரவு கொடுங்கள் என்று கேட்டேன். கட்டினது கட்டினதுதான், அதுவா இத்து உழோணும், மனுசன் அறுத்தாக் குத்தம் என்றார். சரி, காலிலாவது மாற்றிக் கட்டிக்கொள்ளட்டுமா என்றதற்கு, சாமி கயித்தைக் காலுலயா கட்டுவே, இதென்ன மாடு கட்டற தும்பா என்று எரிந்து விழுந்தார். எனக்கும் பொறுக்கவில்லை. தும்பா இருந்தாத்தான் பரவால்லீங்களே, வேண்டாங்கறப்ப அவுத்து உடலாமுங்க, இது அவுக்கவும் முடியாம எம் பையன் கையைத் திருகுதுங்களே என்றேன். கருப்பன் பாத்துக்குவான் போ என்றார். மெசினைக் கருப்பனா வந்து புடிக்கப் போறாருங்க என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கோயில் வாசலில் நின்று இப்படிப் பேசினவள் இல்லை நான்.

அதற்குப் பிறகுதான் ராசப்பனை வரச் சொன்னேன். உனக்குத் தெரியும், அன்றைக்கு மதனோடு கோழிப்பண்ணைக் கூரைமேல் நின்றவன் அவன்தான். அதற்கப்புறம் அவன் ஏணியைத் தொடவில்லை, நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் தரையில் நின்றுதான் வேலை செய்கிறான். கயிற்றுக்கு மேல் கிளவுஸ் போட்டு மறைத்துக்கொண்டால் போதுமா, அதை மட்டும் சொல்லு என்று கேட்டேன். தொளதொளன்னு கிளவுஸ் போட்டா அதையும் சேத்து இழுக்குமுங்க்கா என்றான். நான் நம்பவில்லை. பரணில் இருந்த மதன் மெசினை இறக்கச் சொன்னேன். பேட்டரி செத்துக் கிடந்தது. உங்கப்பா அதை வாங்கிச் சார்ஜ் போட்டார், போட்டுவிட்டு அந்த மினுக்குகிற விளக்குக்கு முன்னால் அது நிற்கிறவரை உட்கார்ந்திருந்தார். அப்புறம் நான் கூடையில் கிடந்த புடலங்காயை எடுத்து, உன் கையில் கட்டின மாதிரியே ஒரு கறுப்புக் கயிற்றை அதில் சுற்றி, நுனியைப் பிரித்துவிட்டு, இந்தா ஓட்டு என்றேன். ஏனுங்க்கா, உங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது, கையை எடுங்க, தள்ளி நில்லுங்க என்று கத்தினான். காயை நான் பிடிக்க அவன் விடவே இல்லை. கட்டில் காலில் இறுக்கிக் கட்டிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, மெசினை நூல் பக்கம் கொண்டுபோனான். நான் கண்ணிமைத்துத் திறப்பதற்குள் நூல் முழுக்க, ஸ்க்ரூவைத் திருகுகிற முனை, அதான் பிட்டு, அதில் சுற்றி, புடலங்காய் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரித் திருகி, இரண்டாக ஒடிந்து தொங்கியது. யுவஸ்ரீ கைதட்டிச் சிரித்தது. உன் மணிக்கட்டும் அந்தக் காய் பருமன்தான் இருக்கும் சாமி.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அறுத்ததுனால ஒருத்தன் போனான், அறுக்காததுனால இன்னொருத்தன் போவானா, எந்தப் பக்கம் போய் நான் உழறது ராசப்பா என்று கேட்டேன். அவன் மெசினைக் கீழே வைத்துவிட்டான். கயித்துனால போகலீங்க்கா, கயித்துக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான். அன்றைக்கு மேலே நின்றுகொண்டு மதன் தேய்ந்துபோன பிட்டை மாற்றினானாம். பேட்டரியைக் கழற்றவில்லை. மெசினை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பிட்டை இழுத்தானாம், இடுக்கின இடத்தில் விசை அமுங்கி மெசின் ஓடி, கழுத்தில் போட்டிருந்த துண்டைச் சுற்றி இழுத்துவிட்டது. பதறிப்போய் ஒரு எட்டுப் பின்னால் வைத்தான். வைத்த இடம் உள்ளே வெளிச்சம் வருவதற்காகக் கூரையில் நடுநடுவே போடுகிற பிளாஸ்டிக் தகடு. அது ஆள் பாரம் தாங்காது, உடைந்து அவனைக் கீழே விட்டுவிட்டது. இடுப்பில் மாட்ட வேண்டிய பெல்ட் ஏணிக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்தபடியே இருந்ததாம். இதை ஏண்டா இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்றேன். நீங்க கயித்தைச் சொல்லிச் சொல்லி அழுதீங்க, அதுல உங்களுக்கு ஒரு ஆறுதல் இருக்குதாட்ட இருக்குதுன்னு உட்டுட்டனுங்க என்றான்.

இதைக் கேட்டுக்கொண்டு தையல் மெசினில் உட்கார்ந்திருந்த நர்மதா எழுந்து வந்து என் காலடியில் விழுந்தாள். அத்தை, அந்தக் கயித்தை நாந்தான் கத்தரியில வெட்டி உட்டேன், கூரை ஓரத்துல கை மாத்தி மெசின் புடிக்கறப்ப நூலு மாட்டுது, வெட்டி உடு நர்மதான்னு அவருதான் கையை நீட்டுனாரு என்றாள். அவன் போனதிலிருந்து இந்தப் பெண் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடாமல் கடைசியில் தனியாகச் சாப்பிடுவாளே, துக்கம் என்று நினைத்தேன். புருசனைத் தன் கையாலேயே கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் ஊர் கேட்கக் கத்தின கத்து ஒவ்வொன்றும் அவள் மேல் போய் விழுந்திருக்கிறது. அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன், வேறென்ன செய்ய முடியும். அழுது முடித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, கொழுந்தனாருக்கு இதை எழுதுங்க அத்தை, நான் சொன்னேன்னு எழுதுங்க என்பதுதான். மதன் தெரியாத்தனமாகக் கயிற்றை அறுக்கவில்லை சாமி. அது ஆபத்து என்று தெரிந்து அறுத்தான். அதில் அவன் செய்தது சரி. பேட்டரியைக் கழற்றாததும், பெல்ட் மாட்டாததும்தான் அவனைக் கொண்டுபோயிற்று.

ராசப்பனை உட்காரவைத்து எல்லாம் கேட்டுக்கொண்டேன், உனக்குத் தெரிந்ததுதான் என்று பக்கத்தைத் திருப்பாதே, உன் அண்ணனுக்கும் எல்லாம் தெரியும். பிட்டை மாற்றுவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றிக் கையில் எடு. முன்னாலும் பின்னாலும் சுற்றவைக்கிற பொத்தானை நடுவில் தள்ளி வைத்தால் விசை அமுங்காதாமே, ஏணி ஏறும்போதும் யாருக்காவது எடுத்துக் கொடுக்கும்போதும் அப்படி வைத்துக்கொள். ஆனால் அதை நம்பிப் பிட்டில் கை வைக்காதே, அதற்குப் பேட்டரியே வெளியே வர வேண்டும். இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, நம் மரவள்ளிக்குத் தண்ணீர் பத்தவில்லை, அங்கே தகரக் கூரைமேல் எப்படிக் கொதிக்கும் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு வறளுகிறது. மெசின் பேட்டரியையும் வெயிலில் போட்டு வைக்காதே, நிழலில் வை, நீயும் நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடி. வியர்வை என்று கழுத்தில் துண்டு போடாதே, சட்டைக் கையை மடித்துத் தொங்கவிடாதே. ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொள்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்து ஆணி அடிக்கும்போதே உண்டு, அதை விடு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு போட்டோ அனுப்புகிறாய், அது கண்ணுக்குத்தான் கொடுத்தது. காதில் பஞ்சு வைத்துக்கொள், உன் அண்ணனுக்குக் கடைசியில் நான் மெதுவாகக் கூப்பிட்டால் காது கேட்காது. சாதாரண பிட்டைப் போட்டு ஓட்டினால் தெறித்து முகத்தில் அடிக்குமாம், அந்த மெசினுக்கென்று கெட்டியான பிட்டு வருகிறதாமே, அதைத்தான் போட வேண்டும், மேஸ்திரி தரவில்லை என்றால் கேட்டு வாங்கு. வெட்கப்படாதே. இடுப்பு பெல்ட்டை மாட்டாமல் ஒரு எட்டும் வைக்காதே. வெளிச்சத் தகட்டை மிதிக்காதே, அதற்கு மேல் பலகை போட்டுத்தான் நடப்பார்களாம். மேஸ்திரி அவசரப்படுத்தினால் எங்க அம்மா அடிப்பாங்க என்று சொல்லு, சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

இன்று காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பூசாரி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவரிடம் பேசப் போகவில்லை. கட்டினவள் நான், அறுக்கச் சொல்லுகிறவளும் நான், கோபமிருந்தால் எங்கிட்டக் காட்டு, எம் பையன் பக்கம் திரும்பாதே என்று கருப்பணாரிடமே சொல்லிவிட்டேன். பயமில்லை என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். பிறந்ததிலிருந்து கும்பிட்ட சாமி, ஒரு நாளில் பயம் விட்டுப் போகுமா. ஆனால் புடலங்காய் ஒடிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சாமி பயம் முழுக்க நான் வைத்துக்கொள்கிறேன், அதில் ஒரு துளியும் நீ சுமக்காதே. நீ மெசினுக்கு மட்டும் பயந்தால் போதும். வேலையை விட்டுவிட்டு வா என்று கூப்பிடத்தான் வாய் துடிக்கிறது, வந்தால் இங்கேயும் நீ கூரைதான் ஏறுவாய் என்று தெரியும், அதனால் கூப்பிடவில்லை.

சந்தோஷ்குமாரிடம் எள்ளுருண்டையும் பருப்புப் பொடியும் நர்மதா செய்த முறுக்கும் கொடுத்திருக்கிறேன். நீ கயிற்றை அறுத்த பிறகுதான் பையைத் திறக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், ஏனுங்க பெரிம்மா, என்னைப் போலீஸாக்கி அனுப்பறீங்க என்று சிரிக்கிறான். அறுத்த கயிற்றைக் குப்பையில் போடாதே, ஓடுகிற தண்ணீர் அங்கே இல்லையென்றால் கடலில் விடு. புண்ணுக்கு மருந்து போடு. உங்கப்பா உனக்கு ஒன்றும் எழுத வேண்டாம் என்றார், கொஞ்ச நேரம் கழித்து வந்து, மேல நிக்கறப்ப வீட்டை நினைக்காதே, நிக்கிற இடத்தை நினைன்னு எழுது என்றார். நீ நூறு வயது இருக்க வேண்டும், நல்லபடியாக மண்ணில் கால் வைத்து நடக்க வேண்டும், எங்கள் ரெண்டு பேரையும் நீதான் எடுத்துப் போட வேண்டும், இதற்கு மேல் எனக்கு ஒரு வேண்டுதலும் இல்லை. படித்து முடித்ததும் வீடியோ போடு. எந்நேரமானாலும் போடு, முழித்துக்கொண்டுதான் இருப்பேன். முகத்தை அப்புறம் காட்டலாம் சாமி, முதலில் கையைக் காட்டு.

இப்படிக்கு,
உன் கைக்காகக் காத்திருக்கும் அம்மா,
சி. சென்னியம்மாள்.