மாடி அறை ஏபலின் கத்தி

1888 செப்டம்பர் 12, புதன்

மழை. தெருவின் போர்வைகளெல்லாம் என் அடுப்பங்கரையில் தொங்குகின்றன. கூலிக்குத் துணி பிழிந்து உருட்டும் எந்திரம் வைத்திருப்பவள் வீட்டில் சேதிக்குப் பஞ்சமா? எங்கள் வைட்சேப்பல் பேட்டைப் பெண்கள் அழுக்குத் துணியோடு கொலைகாரனையும் கொண்டுவந்து போடுகிறார்கள். போன சனிக்கிழமை இன்னொருத்தியை அறுத்துப் போட்டிருக்கிறான், பாவி. டாக்டர் என்கிறாள் ஒருத்தி. கப்பல்காரன் என்கிறாள் இன்னொருத்தி. எதிர்வீட்டு டோர்கஸ் ஒரே போடாகப் போட்டாள்:

"கத்தி பழகின கைடி அது. பொண்டாட்டி இருந்தா ரத்தச் சட்டையப் பாத்து உலுக்கியிருப்பா. தனிக்கட்டை. இங்கதான் எவ வீட்லயோ வாடகைக்கு இருக்கான்."

சொல்லிவிட்டு என் மாடிப்படியைப் பார்த்தாள்.

மேலே இருப்பவர் ஏபல் ரட்ஜ். ஆல்ட்கேட்டில் மாடறுக்கும் கொட்டகையில் கத்திக்காரர். கல்யாணம் ஆகவில்லை. சட்டையில் ரத்தமில்லாத நாளில்லை, நான்தானே துவைக்கிறேன். ஆனால் படியில் பூனை வந்தால் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிற மனிதர். சிரித்துத் தள்ளிவிட்டேன்.

செப்டம்பர் 27, வியாழன்

கத்தி வித்தை தெரிந்தவன்தான் செய்திருக்கிறான் என்று கொலை விசாரணையில் பேச்சாம். டோர்கஸ் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், தானே எழுதியதுபோல.

சாயங்காலம் ஏபலிடம், "உங்களப் பத்திப் பேப்பர்ல போட்டிருக்கான்" என்றேன். எதற்கும் சிரிப்பவர் சிரிக்கவில்லை. தேநீரை அப்படியே வைத்துவிட்டு மேலே போய்விட்டார். என் நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

அக்டோபர் 1, திங்கள்

ஒரே இரவில் இரண்டு பெண்கள். நேற்று என் கதவுக்கு நாற்காலியை அண்டக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். ஏபலை நினைத்தா? — எழுத மாட்டேன்.

அக்டோபர் 4, வியாழன்

மத்தியானம் ஏபல் நெற்றியில் ரத்தத்தோடு வந்தார். மாட்டு ரத்தமில்லை. தெருமுனையில் கல்லெறிந்திருக்கிறார்கள். டோர்கஸின் புருஷனும் அந்தக் கும்பலில் நின்றானாம்.

காயத்தைக் கழுவும்போது என் கையைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் கத்தியே தொட்டதில்லீங்க. அங்க தரை கழுவுறேன்."

அப்புறம் எதற்கு அத்தனை பெருமையடித்தீர்கள் என்று கேட்டேன். ஒரே வெட்டில் காளை சாயும் என்று தெருவெல்லாம் சொன்னாரே.

"உங்க முன்னாடி தொடப்பக்காரன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

காயத்துக்குக் கட்டுப் போட்டேன், இரண்டு சுற்று அதிகமாகவே.

இவர் தரை கழுவுகிறவர்தான் என்று கொட்டகை ஆட்களைச் சொல்லச் சொன்னால்? கத்திக்காரனைக் கத்திக்காரன் காப்பாற்றுகிறான் என்பார்கள். அடுத்த கல் பெரிதாக வரும். அறையைக் காலி செய்கிறேன் என்கிறார். போய் எங்கே நிற்பார்? புது வாடகைக்காரன், தனிக்கட்டை — எந்தத் தெருவில் விடுவார்கள்?

அக்டோபர் 7, ஞாயிறு

எழுதவே சிரிப்பு வருகிறது.

எல்லோரையும்போல நானும் ஆட்டுத்தொடையைக் காலையிலேயே ரொட்டிக்காரர் அடுப்பில் வாட்டக் கொடுத்துவிட்டு, கோயிலில் ஆராதனை முடிந்து வாங்கி வந்தேன். டோர்கஸையும் புருஷனையும் இன்னும் நாலு வாயாடிகளையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். ஓசிக் கறி, ஒருவரும் தவறவில்லை. எல்லோரும் உட்கார்ந்ததும் கறிக்கத்தியை ஏபல் கையில் கொடுத்தேன்.

துடைப்பத்தைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்தார். முதல் துண்டு செருப்பின் அடித்தோல் மாதிரி வந்தது. இரண்டாவது வரவே இல்லை. தொடை வழுக்கி, உருளைக்கிழங்கையும் இழுத்துக்கொண்டு டோர்கஸ் மடியில் போய் விழுந்தது. ஏபலின் காதுகூடச் சிவந்துவிட்டது.

டோர்கஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இவரா? இவரு வெண்ணெயக்கூட வெட்ட மாட்டாரு." அவள் புருஷன் தட்டைப் பார்த்துக்கொண்டு, கல் விஷயம் தப்புதான் என்று முணுமுணுத்தான்.

அதோடு விட்டாளா? "ஏண்டி கெசியா, ஞாயித்துக்கிழமைக் கறிய வீட்டு ஆம்பளதான வெட்டணும்? உன் புருஷன் செத்ததுலேர்ந்து அந்தக் கத்திய நீ யார்கிட்டயும் குடுத்ததில்லையே."

சத்தியமாக நான் அதை யோசிக்கவில்லை. யோசிக்கவில்லையா?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏபல் கத்தியைத் துடைத்து, பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார். "தெரியாமக் குடுத்திருந்தா வாங்கிக்கங்க" என்றார்.

நான் வாங்கிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 14, ஞாயிறு

கோயிலில் கல்யாண அறிவிப்பில் எங்கள் பெயரை முதல் தடவை வாசித்தார்கள். ஆட்சேபனை உண்டா என்று கேட்ட நேரம் பார்த்து டோர்கஸ் இருமினாள். வேண்டுமென்றேதான்.

நவம்பர் 13, செவ்வாய்

போன வெள்ளிக்கிழமை இன்னுமொரு பெண். சின்னவள். அழுதேன்.

இன்று கான்ஸ்டபிள் வீடு வீடாக வந்தார். தனியாகத் தங்கியிருக்கும் ஆண்கள் உண்டா என்று கேட்டார். இல்லை, என் கணவர் மட்டும்தான் என்றேன். கல்யாணமாகி ஒரு வாரம்தான் ஆகிறது, அந்தச் சொல் இன்னும் வாயில் புதுச் செருப்பாய்க் கடிக்கிறது. அவருக்கு என்ன வேலை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஏபல் உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"தரை கழுவுறேங்க" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.