தட்டில் நிற்கும் அம்மன்

18-7-2025, வெள்ளி
ஆடி முதல் வெள்ளி. கூழ் காய்ச்சி இறக்குவதற்குள் கூரியர்காரன் வந்துவிட்டான். தம்பி மகள் இலக்கியா அனுப்பிய இசைத்தட்டு! சென்னையில் அவளும் நாலு பசங்களும் பேண்டு வைத்திருக்கிறார்கள். 'சோல்' பாட்டாம். அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் சர்ச்சில் நெஞ்சுருகப் பாடியதிலிருந்து வந்ததாம். அந்தக் காலத்து மாதிரியே டிரம்பெட் ஊதி, தட்டும் போடுகிறார்கள். ஒரு பக்கம் அவர்கள் பாட்டு. மறுபக்கம் போன வருஷம் இங்கே வந்து பதிவு செய்துகொண்டு போன என் அம்மன் வர்ணிப்புப் பாட்டு. அட்டையில் பாப்பாத்தி என்று என் பேர். தாயே, எனக்கு எதுக்கு இந்தப் பேரெல்லாம்? (தெரு பூரா காட்டிவிட்டு வந்தேன்.)

20-7, ஞாயிறு
சங்கராபுரத்தில் சவுண்டு சர்வீஸ் கொளஞ்சியப்பனிடம் பழைய பிளேயர் இருக்கிறது. போட்டார்.
"இன்னாக்கா, அம்மனே எதிர்ல நிக்கற மாதிரி கீது!"
எனக்கும் பூரிப்புதான். 'வந்து நில்லு தாயே' என்ற இடத்தில் பாட்டு நின்றது. தட்டு சும்மா சுற்றியது. அவ்வளவுதானா? மலையேற்றுவது எங்கே? கூப்பிட்ட அம்மனைக் கடைசியில் கற்பூரம் காட்டி, 'மலையேறு தாயே' என்று பாடி அனுப்ப வேண்டாமா? அதையும் பாடித்தானே குடுத்தேன்! கூப்புட்டுட்டு அப்பிடியே நிக்க வெக்கறதா? அதுவும் ஆடியில—

21-7, திங்கள்
போன் போட்டேன்.
"சின்ன தட்டு அத்த. நாலு நிமிஷத்துக்கு மேல புடிக்காது. வெட்டிட்டோம்."
"யார கேட்டுடி வெட்டுன?"
"முந்நூறு தட்டும் வித்துப்போச்சி அத்த. வாங்கன வூட்டுக்கெல்லாம் போயி கற்பூரம் ஏத்திக்கினு வரியா?"
"சிரிக்காத. அவ நிக்கறா."
வைத்துவிட்டாள்.

25-7, வெள்ளி
சோறு இறங்கவில்லை.

2-8, சனி
இலக்கியாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். பெரிய ஆல்பம் பாட வேண்டிய நேரத்தில். ஏசி ஒத்துக்கல என்கிறான் தம்பி போனில். ஏசியா? எனக்குத் தெரியாதா? அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா—
"ஆல்பத்துல மலையேத்தற பாட்ட போடு. இல்லன்னா ஒன் தொண்ட தொறக்காது."
வெறும் காற்றாய் ஒரு குரல் வந்தது: "சாபம் வுடறியா அத்த?"
ஐயோ. நான் இன்னா சொல்லிட்டேன்?

9-8, சனி
'போட்டாச்சு அத்த' என்று மெசேஜ். அவ்வளவுதான். கோயிலுக்குப் போய் மாவிளக்கு போட்டேன். ஏன் மனசு ஆறவில்லை?

12-8, செவ்வாய்
டிரம்பெட் ஊதுகிற இளஞ்செழியன் பேசினான். நாளைக்குத் தட்டு அடிக்கக் கொடுக்கிறார்களாம். அட்டையில் என் ஊர்ப் பேர் போடக் கேட்டான்.
"இலக்கியா தொண்ட?"
"சரியாயிடுச்சி ஆன்ட்டி. சரியானதுமே அவ எழுதுன பாட்டத்தான் பாடுனா. ஆல்பத்துல அவ தனியா பாடுனது அது ஒண்ணுதான். இப்ப அது இல்ல."
"ஏன்?"
"உங்க பாட்டு நீளம். தட்டுல எடம் பத்தல. அவளேதான் எடுக்கச் சொன்னா."
அந்தப் பாட்டை அனுப்பச் சொன்னேன். போனைக் காதில் வைத்து அடுப்படியில் நின்றபடியே கேட்டேன். முடிந்ததும் இன்னொரு தரம்.

13-8, புதன்
விடிந்ததும் அவனைக் கூப்பிட்டேன்.
"என்னுத எடுத்துடு தம்பி. அவளுத வையி."
"அம்மன் கோவிச்சிக்க மாட்டாங்களா ஆன்ட்டி?"
"அத நான் பாத்துக்கறேன். நீ ஊதற வேலய பாரு."
சாயந்திரம் விளக்கேற்றினேன். அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.