நெத்திலி ஊறுகாய் பாட்டில்

தஞ்சுங் பாண்டான்,
பெலித்துங் தீவு.

அன்புள்ள மர்லிசாவுக்கு,

அம்மாவும் நானும் சௌக்கியம். வயிற்றில் இருப்பது உதைக்கிறதா? போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் சல்மா நாளை உங்கள் பங்க்கா தீவுக்குப் படகேறும்போது அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பெலித்துங் உனக்கு ஒட்டவே இல்லை, பிரசவத்துக்குப் பிறகும் வரப்போவதில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னாயாமே. அந்தப் பேச்சைப் பிறகு பேசுகிறேன். முதலில் மீன் விஷயம்.

நம் இரண்டு தீவுகளும் ஒரு காலத்தில் ஒரே நிலம். கடல் ஏறி நடுவில் புகுந்ததும் ஓடை மீன்கள் பிரிந்துபோயின. அன்றிலிருந்து அவற்றின் மரபணு தனித்தனியே மாறிவருகிறது. எங்கே சோதித்தாலும் உங்கள் மீன் வேறு, எங்கள் மீன் வேறு. நம் வீட்டுப் பின்னால் ஓடும் ஓடை மட்டும் முரண்டு பிடித்தது. அங்கே பிடித்த குஞ்சுகள் பாதி பங்க்கா, பாதி பெலித்துங். மாதிரிகள் இருந்த சோதனைக் குழாய்களை மாற்றி வைத்துவிட்டாள் என்று சல்மாவிடம் கத்தினேன். "என்னை எதுக்குத் திட்டுறீங்க? உங்க வீட்டு ஓடைதானே, வீட்டுலயே போய்க் கேளுங்க" என்றாள்.

அம்மாவைக் கேட்டால் ஒரே சிரிப்பு. "வந்த மறுநாளே உன் பொண்டாட்டி நெத்திலி ஊறுகாய் பாட்டில்ல கொண்டாந்து விட்டாடா. பொறந்த வீட்டு ஓடைத் தண்ணிய புகுந்த வீட்டு ஓடையில ஊத்துறது அவங்க குடும்ப வழக்கமாம். தண்ணி தனியா வந்தா பாவம்னு மீனையும் சேர்த்துக்கிட்டாளாம். உங்கிட்ட சொன்னா நீ குதிப்பியேன்னுதான் ரெண்டு பேரும் வாயத் தொறக்கல."

குதிக்கத்தான் செய்தேன். மர்லிசா, நீ செய்தது தப்பு. பத்தாயிரம் வருஷக் கணக்கை ஒரு பாட்டிலால் கலைத்துவிட்டாய். அந்த ஓடையை ஆய்விலிருந்து நீக்கிவிட்டேன். முறைப்படி மீன்களையும் எடுத்துவிட வேண்டும். வலையோடு போனேன்.

வேருக்கடியில் உங்கள் ஊர்ச் சிவப்பு வாலோடு ஓர் ஆண்மீன், வாய் நிறைய முட்டைகளை அடக்கிக்கொண்டு நின்றது. இந்த இனத்தில் ஆண்தான் முட்டையை வாயில் வைத்துக் காக்கும், பொரியும்வரை எதையும் தின்னாது. நான் வலையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஓடை பழைய வெள்ளீயச் சுரங்கக் குழியில் போய் முடிகிறது, மீன் வேறெங்கும் பரவாது. இதை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது, உனக்கு எழுதுகிறேன்.

அம்மா இன்னும் நாம் சேர்ந்து சாப்பிடும் தாம்பாளத்தில் உன் பங்கையும் சேர்த்தே வைக்கிறாள். அதையும் நானே தின்ன வேண்டியிருக்கிறது. உனக்கு இங்கே ஒட்டவில்லை என்றாய். உன் மீனுக்கு ஒட்டியிருக்கிறது, சோதித்துப் பார்த்தாயிற்று.

ஆண்டவன் உங்கள் இருவரையும் நல்லபடி வைக்கட்டும். பிள்ளையோடு வரும்போது படகில் நடு இருக்கை கேள், குமட்டாது. பாட்டிலில் தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு வா. மீன் மட்டும் வேண்டாம்.

உன்,
ஜுமைதி